நாவும் எழுத்தும்

அரபு எழுத்துக்கள் பிறக்கும் இடத்தை மக்ரஜ் என்பர் தஜ்வீதுக் கலையார். இமாம் இப்னுல் ஜஸரீ (ரஹ்) அவர்களின் கணக்கில் மக்ரஜுகள் 17. அவற்றுள் 10 நாவிலேயே உள்ளன. 18 எழுத்துக்கள் அங்கே பிறக்கின்றன. தொல்காப்பியப் பிறப்பியலும் நாநுனி அண்ணத்தை ஒற்றுவதையும் வருடுவதையும் நுணுகிப் பிரித்துரைக்கும். இவற்றை ஆண்டுதோறும் பாடமாக நடத்திவரும் நாம், அவற்றின் அருமையை நண்பர் ஒருவரின் நோயில் கண்டோம்.

அவர் பள்ளிவாசல் இமாமாக இருந்தவர்; ஓயாது வெற்றிலை பாக்கு மென்றவர். (புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் விளைக்கும் எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட நூல் உறுதி செய்தது. நம் திருமண வீட்டுத் தாம்பாளங்களை எண்ணியே இதனைக் குறிக்கிறோம்.) நாவின் ஒரு பாதியை அகற்றிய வைத்தியர்கள், முன்னங்கைத் தோலை இரத்தக் குழாய்களோடு எடுத்து, கழுத்துக் குழாய்களில் இணைத்து, அவ்விடத்தை நிரப்பினர். பின்னர்க் கதிர்வீச்சு. உயிர் பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ்.

ஒட்டிய தோலுக்குச் சுவையில்லை. தானே அசையவும் மாட்டாது. எஞ்சிய பாதிதான் அதனை இழுத்துச் செல்லவேண்டும். நாளடைவில் வடு இறுகி, நா வாயின் அடித்தளத்தோடு பிணைந்துவிட்டது. நுனி மேற்பல்லை எட்டவில்லை. பெருமானார் (ஸல்) அவர்களின் திருநாமத்தைச் சொல்லும்போது இதழும் தொண்டையும் தம் பணியைச் செய்யும். இறுதியிலுள்ள தால் மட்டும் சிதையும். 'அல்லாஹ்' என்பதிலோ லாம் எழவே இல்லை.

மறுசீரமைப்புக்காக இன்னோர் அறுவை செய்யலாம் என்றனர் வைத்தியர்கள். வடுவை அறுத்து நாவை விடுவித்து, இடையே மெல்லிய தோல் பதிப்பது ஒரு முறை. தசை மிகுந்திருப்பின் குறைப்பர். மெலிந்திருப்பின் வயிற்றுக் கொழுப்பை ஊசியால் ஏற்றுவர். அதில் ஒரு பகுதி கரைந்துபோவதால் மீண்டும் ஏற்ற நேரும். கதிர் பட்ட தசையில் புண் ஆறுவது கடினம். ஆகவே எல்லார்க்கும் இது பொருந்தாது. சிலர்க்கு மேலண்ணத்தில் தகடு பொருத்தி, அண்ணத்தையே நாவின் அருகே இறக்கிக் கொடுப்பதும் உண்டு.

வீட்டார் தடுத்தனர். "உயிரைத் தந்தவனுக்கு ஷுக்ரு செய்யாமல் மறுபடியும் கத்தியா?" என்றார் அவருடைய மூத்த மச்சான். நாம் உடன்படவில்லை. ஒருவன் தாக்கியதால் நாவின் பேச்சு ஓரளவு போனால், ஷாஃபிஈ சட்ட நூலார் திய்யத்தை 28 எழுத்துக்களுக்கும் பங்கிட்டு, இழந்த எழுத்துக்களின் அளவுக்கு நட்டஈடு விதிப்பர். எழுத்துக்கு எழுத்து மதிப்பு வைத்த ஷரீஅத், அதனை மீட்க முயல்வதை நன்றிகேடு என்னுமா? திணறி ஓதுபவர்க்கு இரட்டை நன்மை என்னும் நபிமொழி அவருக்கு ஆறுதலே. ஆயினும் எழுத்தை மாற்றி உச்சரிப்பவரைச் சரியாக ஓதுபவர் பின்பற்றித் தொழுவது நம் மத்ஹபில் கூடாது. மிஹ்ராபு அவருக்கு அடைபட்டது அதனாலேயே.

அறுவை நடந்தது. சில மாதப் பயிற்சிக்குப்பின் லாம் தெளிந்தது. தாலும் ஏறக்குறைய வந்துவிட்டது. ரா இன்னும் வரவில்லை. சூரத்துல் ஃபாத்திஹாவில் அவ்வெழுத்து பலமுறை வருவதால் இமாமத்தை அவர் ஏற்கவில்லை. சுபுஹுக்குப் பின் கண்ணாடி முன் அமர்ந்து, அந்த ஓர் எழுத்தையே சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார்.