வீட்டுக்கு வினைல் தரை நல்லதா?

தீபாவளி நெருங்கினால் நம் தோட்டத்து வீடுகளில் சுவருக்குப் புதுச் சாயம், சன்னலுக்குப் புதுத் திரை, தரைக்குப் புதுத் திக்கார் கெத்தா என்று செலவு வரிசையாக வந்து நிற்கும். பெயர்தான் ரப்பர் பாய். நாம் மரம் சீவி எடுத்த பாலுக்கும் அதற்கும் உறவில்லை. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் வினைல் என்னும் பிளாஸ்டிக்தான்.

அதே வினைலில் சதுரச் சதுரமாக ஒட்டும் டைலும் இருக்கிறது. "இந்த வருஷம் அதைப் போடலாம் அத்தை" என்கிறாள் என் மருமகள். "வேண்டாம்" என்கிறார் வீட்டுக்காரர். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

வினைல் காலுக்கு இதமானது. சிமெண்டைப் போல் சில்லிடாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும். முன்பு எங்கள் வீட்டில் சாம்பிராணித் தணல் தெறித்து, புதுப் பாயின் நடுவே ஓட்டை விழுந்தது. டைல் என்றால் கருகியதை மட்டும் பெயர்த்து வேறொன்று ஒட்டலாம். 12 அங்குல டைல் ஒன்று ஒரு சதுர அடி. 10 அடிக்கு 12 அடி அறைக்கு 120 வேண்டும்; சேதத்துக்கென்று இன்னும் 12 வாங்கி வைப்பது நல்லது.

குறைகளும் உண்டு. பழைய சிமெண்டுத் தரையில் மண்ணின் ஈரம் மேலேறும். பசை விட்டு ஓரம் தூக்கும். வயதானவர் காலை இடறும். தண்ணீர் சிந்தினால் வழுக்கும். ரப்பர் அடியுள்ள கால்மிதியை நெடுநாள் போட்டு வைத்தால் மஞ்சள் கறை படியும், அது போகாது.

ஒட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். அடியில் நீர் முத்து கோத்திருந்தால் டைல் வேண்டாம்.

இன்னொன்று: 1980-களுக்கு முன் செய்த வினைல் டைல்கள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. பழைய வீட்டில் அப்படி இருந்தால் உடைக்காதீர்கள், தேய்க்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

வீட்டுக்காரர் கேட்ட கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. "வீடு தோட்டத்துடையது. நாளைக்குக் காலி செய்யச் சொன்னால் பாயைச் சுருட்டிக்கொண்டு போகலாம். ஒட்டின டைல் நம்மோடு வருமா?"

ஆகவே சகோதரிகளே, சொந்த வீடு, காய்ந்த தரை என்றால் டைல் போடுங்கள். தோட்டத்து வீட்டுக்குப் பாயே போதும். மிச்சப் பணம் சொந்த வீட்டுச் சேமிப்புக்குப் போகட்டும்.