ரைகரின் கூட்டில் பஞ்சு

பஞ்சுவுக்குக் கூடு தேடி நாங்கள் கடைக்குப் போகவில்லை. எங்களில் ஒருத்தியின் அம்மம்மா வீட்டில், கொடிகாமத்தில், ரைகரின் கூடு சும்மா கிடந்தது. ரைகர் செத்து நாலு வருசம். இரும்புக் கம்பியில் வெல்டிங் பண்ணின கூடு; நீளம் நாலடி, அகலம் இரண்டரையடி. பட்டாவில் ஏற்றி, திருநெல்வேலியில் நாங்கள் மூன்று பேர் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தம். பஞ்சு அப்ப இரண்டு மாதப் பொமேரியன் குட்டி. ஒரு கிலோ வருமோ தெரியாது. இவ்வளவு இடம் இருந்தால் சந்தோசமாக ஓடித்திரியும் எண்டுதான் நினைத்தம்.

ஓடித்திரியவில்லை. ஒரு மூலையில் படுத்தது, எதிர் மூலையில் ஒண்டுக்கும் இரண்டுக்கும் போனது. நாங்கள் காலையும் மாலையும் பேப்பர் மாற்றி விரித்தம். இரண்டு கிழமை போயும் மாற்றமில்லை.

ஊசி போடக் கொண்டுபோன இடத்தில் மிருக வைத்தியர் அளவைக் கேட்டுச் சிரித்தார். "பிள்ளையள், சிங்கத்துக்கோ கூடு வாங்கினனீங்கள்?" படுக்கிற இடத்தை ஊத்தையாக்க நாய்க்குட்டிக்கு விருப்பமில்லையாம். அதனால்தான் கொஞ்சமாவது அடக்கப் பழகும். கூட்டுக்குள்ளேயே படுக்கையறையும் கக்கூசும் இருந்தால் அது ஏன் அடக்கப்போகுது? நிற்கும்போது தலை இடிக்கக்கூடாது, சுற்றித் திரும்ப வேணும், காலை நீட்டிச் சரிந்து படுக்க வேணும். அவ்வளவும் போதும் என்றார்.

வீட்டுக்கு வந்து அளந்தம். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்குகிற இடம் வரைக்கும் ஒன்று, நிலத்திலிருந்து காது நுனி வரைக்கும் ஒன்று. இரண்டோடும் இரண்டு மூன்று அங்குலம் கூட்டவேணும். ஆள் நேரே நின்றால்தானே! டேப்பைக் கடிக்கிறதிலேயே அரை மணித்தியாலம் போனது. சடையும் ஆளை ஏமாற்றும். குளிப்பாட்டின பிறகு பார்த்தால் பஞ்சு பாதிதான்.

வளர்ந்தால் எவ்வளவு வரும் எண்டு பார்க்க, குட்டி வாங்கின வீட்டுக்குப் போய்த் தாயையும் அளந்தம். நீளம் 16 அங்குலம். கடையில் விற்கிற 24 அங்குலக் கூடு அதன் ஆயுசுக்கும் காணும். ஆனால் மாதக் கடைசி. ரைகரின் கூட்டுக்குள்ளேயே குறுக்காக ஒரு பலகையை வைத்துக் கட்டினம். காசு மிச்சம்.

மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு ஒரு கத்தல். பஞ்சுவின் தலை கம்பிக்கு வெளியில், உடம்பு உள்ளே. பெரிய நாய்க்குச் செய்த கூடு, கம்பிகளுக்கு இடையில் இரண்டரை அங்குலம். கழுத்துப் பட்டியின் கொளுக்கி கம்பியில் மாட்டியிருந்தது. இழுக்க இழுக்க இறுகினது. ஒருத்தி ரோச் பிடிக்க, ஒருத்தி கத்தரிக்கோலால் பட்டியை வெட்டினாள், மற்றவள் காதடியில் தேங்காயெண்ணெய் பூசித் தலையை மெதுவாக உள்ளே தள்ளினாள். பத்து நிமிசம்கூட இருக்காது. அதுக்குப் பிறகு விடியும் வரைக்கும் ஒருத்தரும் படுக்கவில்லை. நீளம், அகலம், உயரம் எல்லாம் அளந்த நாங்கள் கம்பி இடைவெளியை அளக்கவில்லை.

அடுத்த நாளே போய் 24 அங்குலக் கூட்டை வாங்கினம். ஸ்கூட்டியின் சேர்விஸ் ஒரு மாதம் தள்ளிப்போனது. இதன் கம்பி இடைவெளிக்குள்ளால் பஞ்சுவின் மூக்கு மட்டும்தான் போகும். உள்ளே ஒரு தட்டி இருக்கு, வளர வளரப் பின்னுக்குத் தள்ளலாம். மேலே பழைய சாரம் ஒன்று, முன்பக்கம் திறந்தபடி. இந்த வெக்கைக்குள் நாலு பக்கமும் மூட ஏலாது. கூட்டுக்குள் விடும்போது பட்டியைக் கழற்றிவிடுறம்.

ஆனால் மிருக வைத்தியர் சொன்ன இன்னொரு கணக்கு எங்களுக்குச் சரிவரவில்லை. குட்டிக்கு எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால், ஆகக்கூடினது அத்தனை மணித்தியாலம்தான் அடக்குமாம். மூன்று மாதத்துக்கு நாலு. நாங்கள் எட்டுக்குப் போய் ஐந்துக்கு வாறம். உண்மையைச் சொன்னால், பெரிய கூடு எங்களுக்குப் பிடித்ததே இதனால்தான். இடம் தாராளம் எண்டால் நாள் முழுக்க அடைத்துவிட்டுப் போகலாம், மனசும் குத்தாது. பஞ்சுவின் சந்தோசம் எண்டு நாங்கள் சொன்னது எங்கட வசதி. இப்ப முறை போட்டு மத்தியானம் ஒருத்தி ஸ்கூட்டியில் வந்து திறந்துவிடுறாள். மழை நாளில் யார் போறது எண்டு சண்டையும் வரும்.

போன கிழமை அம்மம்மா வந்தா. புதுக் கூட்டைப் பார்த்ததும் முகம் கறுத்துப்போச்சு. "இதுக்குள்ளயோ அடைக்கிறியள்? பாவமடி." ரைகரை அவ பகல் முழுக்கக் கூட்டில் விட்டு, இரவு கேற் பூட்டின பிறகுதான் அவிழ்த்துவிடுவா. எங்கட ஊர்களில் காவல் நாய்க்கு அதுதான் வழமை. நாங்கள் பதில் தேடிக்கொண்டிருக்க, பஞ்சு திறந்து கிடந்த கூட்டுக்குள் தானாகவே போனது. இரண்டு தரம் சுற்றிவிட்டுப் படுத்தது.

அம்மம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றா.

"ரைகர் ஒருநாளும் தானாப் போனதில்லை. தடி எடுத்தால்தான் போவான்" என்றா.

பிறகு தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டா, பழைய கூட்டைத் திருப்பி அனுப்ப ஏலுமோ எண்டு. கோழிக்கு ஆகுமாம், வலை அடிச்சால்.