மாமா சொல்ல, நான் கழற்ற...

எங்கள் வீடு படப்பையில், வண்டலூர் - வாலாஜாபாத் சாலையை ஒட்டி இருக்கிறது. என் மாமனாரிடம் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் உண்டு. அந்தக் கார்கள் ஒரு காலத்தில் வண்டலூரில்தான் தயாராயின. "பிறந்த வீட்டுக்குப் பக்கத்துலயே வாழ்க்கைப்பட்ட பொண்ணும்மா இது" என்பார்.

போன மாதம் ஒரகடம் போகும் வழியில் நடுரோட்டில் நின்றுவிட்டது. பின் சீட்டில் என் மகள். பின்னால் கன்டெய்னர் லாரி ஹாரன் அடிக்கிறது. பத்து நிமிடம் கழித்துக் கிளம்பியது. இரண்டே கிலோமீட்டரில் மறுபடி நின்றது.

"கார்புரேட்டர் போச்சு. எடைக்குப் போட்டுடுங்க" என்றார் மெக்கானிக். என் கணவரும் அதையே சொல்ல, மாமா சாப்பிடாமல் எழுந்து போனார்.

மறுநாள் காலை என்னிடம் வந்தார். "எனக்குக் கை நடுங்குதும்மா. நான் சொல்றேன், நீ செய்யறியா?"

கார்புரேட்டருக்குள் ஒரு சின்னத் தொட்டி. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரியே மிதவையும் வால்வும் இருக்கும். "நின்னுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு ஓடுதுன்னா, அந்தத் தொட்டி மெதுவா நிரம்புதுன்னு அர்த்தம். பெட்ரோல் வர்ற வழியை முதல்ல பாரு" என்றார்.

இன்ஜின் நன்றாக ஆறியபின், தீப்பொறி வராமலிருக்க காயில் ஒயரைக் கழற்றினோம். கார்புரேட்டருக்கு வரும் பைப்பை ஒரு பாட்டிலுக்குள் விட்டு, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டோம். பீச்சி அடிக்க வேண்டிய பெட்ரோல், சொட்டுச் சொட்டாக வந்தது. அப்படியானால் கோளாறு கார்புரேட்டருக்கு முன்னாலேயே!

ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே கறுப்புத் துகள்கள். ரப்பர் ஹோஸை அமுக்கினேன், ஊறின அப்பளம் மாதிரி தொளதொளத்தது. இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய காலத்து ரப்பருக்கு அது ஆகாது. உப்பி, உள்ளே உதிர்ந்து, வழியை அடைத்துவிடுகிறது. வெளிப்பக்கமும் விரிசல் கண்டு பெட்ரோல் கசிந்திருந்தது. கீழேயே கொதிக்கும் சைலன்சர் குழாய். நினைத்தாலே வயிற்றைக் கலக்கியது. அன்றைக்கு மகள் உள்ளே இருந்தாளே!

எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கி, ஃபில்டரோடு சேர்த்து மாற்றினோம். கார்புரேட்டரைத் தொடவே இல்லை.

இப்போது எடைக்கடைப் பேச்சு இல்லை. ஞாயிறு காலையில் ஒரகடம் வரை நான்தான் ஓட்டுகிறேன். கிளம்பும் முன் டார்ச் அடித்து ஹோஸைப் பார்க்காவிட்டால், மாமா சாவியைத் தரமாட்டார்.