சாட்சிக்கு யார் சாட்சி?

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., (விலங்கியல்)

"சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழுவது மேல்" என்று நம் ஊர்களில் ஒரு பழமொழி உண்டு. இதை முதலில் சொன்னவர் சாட்சிக்காரனை மிகப் பெரிய ஆள் என்று எண்ணியிருக்க வேண்டும். காலில் விழுந்து கெஞ்சும் அளவுக்குச் செல்வாக்குடையவன் சாட்சிக்காரன்! நான் பார்த்த சாட்சிக்காரர் அப்படி இல்லை. உட்கார ஒரு பெஞ்சு கிடைக்காமல், கோர்ட் வராந்தாவின் தூணோரம், கையில் தூக்குச் சட்டியுடன் காலை பத்து மணியிலிருந்து நின்றுகொண்டிருந்தார். அவர் என் தாயார்.

கொடைக்கானல் என்றதும் நண்பர்களுக்கு ஏரியும், பிரையண்ட் பூங்காவும், தூண் பாறையும் நினைவுக்கு வரும். அங்கிருந்து மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று மேல்மலைக் கிராமங்கள் நீண்டு கிடக்கின்றன. பூண்டும், உருளைக்கிழங்கும், கேரட்டும் விளையும் பூமி. எங்கள் ஊர் அந்தப் பக்கம். அப்பா கூலிக்குக் காட்டு வேலை பார்க்கிறார். அம்மா சாலையோரத்தில் ஒரு டீக்கடை வைத்திருக்கிறார். கடை என்றால் நான்கு கம்பு, ஒரு தகரம், ஒரு அடுப்பு. அந்த அடுப்பின் புகையில்தான் நான் கல்லூரி வரை வந்தேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, பனி இறங்கும் நேரம். காய்கறி வேனில் உதவிக்கு வரும் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் பணப்பையுடன் கடைக்குச் சற்றுத் தள்ளி நின்றிருக்கிறான். இரண்டு மோட்டார் சைக்கிளில் வந்த மூன்று பேர் அவனை இரும்புக் கம்பியால் அடித்துவிட்டுப் பையைப் பறித்துக்கொண்டு போனார்கள். அம்மா ஓடிப்போய் அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துத் தண்ணீர் கொடுத்தார். போலீசார் வந்து கேட்டபோது கண்ணால் கண்டதைச் சொன்னார். அவ்வளவுதான் அவர் செய்தது. அன்றிலிருந்து அவர் 'அ.சா. 3' ஆகிவிட்டார். அரசுத் தரப்புச் சாட்சி மூன்று என்று பொருள்.

வழக்கு திண்டுக்கல்லில் நடக்கிறது. எங்கள் ஊரிலிருந்து கொடைக்கானல் வந்து, அங்கிருந்து மலை இறங்கி, வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல் போய்ச் சேர வேண்டும். முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் பத்து மணிக்குக் கோர்ட்டில் இருக்க முடியாது. ஆகவே அம்மா முதல் நாளே கிளம்பி வத்தலக்குண்டில் உறவினர் வீட்டில் தங்குவார். கடை இரண்டு நாள் மூடிக் கிடக்கும். ஆனால் பால்காரருக்கு அந்த இரண்டு நாள் பாலுக்கும் காசு கொடுத்தாக வேண்டும். மாடு வாய்தா வாங்காது அல்லவா?

இப்படி நான்கு முறை போய்வந்துவிட்டார். முதல் முறை எதிரிகளில் ஒருவனைச் சிறையிலிருந்து கொண்டுவரவில்லை. இரண்டாம் முறை எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை. மூன்றாம் முறை நீதிபதி விடுப்பு. நான்காம் முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அம்மா ஓடினார், அடுத்த தேதி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த நான்காம் முறைதான் நான் உடன் போயிருந்தேன்.

காத்திருக்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அடிபட்டவன், அடித்தவர்கள், அடித்தவர்களின் அண்ணன் தம்பிகள், பார்த்த சாட்சி எல்லாருக்கும் அது ஒரே வராந்தா. இப்படிக் கட்டடம் கட்டியவர்களுக்கு சமத்துவத்தில் எவ்வளவு நம்பிக்கை! ஒரு நடுவயதுக்காரர் வந்து மிகவும் மரியாதையாக அம்மாவிடம் பேசினார். "அக்கா, நல்லா இருக்கீங்களா? டீ வாங்கியாரட்டுமா? மலையிலருந்து இம்புட்டுத் தூரம் வந்து அலையுறீங்களே. இருட்டிருச்சு, பனி, முகம் சரியாத் தெரியலன்னு ஒரு வார்த்தை சொன்னா இன்னையோட முடிஞ்சுரும்." மிரட்டலில் ஒரு சொல்கூட இல்லை. போகும்போது மட்டும், "தம்பி எந்தக் காலேசு?" என்று என்னைக் கேட்டார். அம்மாவின் கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

அடிபட்ட அந்தப் பையனையும் அன்று பார்த்தேன். ஒரு காது கேட்கவில்லை. வேலை போய்விட்டது. பணத்தை அவனே ஆள் வைத்து எடுத்தான் என்று முதலாளிக்குச் சந்தேகமாம். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று இந்த மூன்று ஆண்டில் ஒருவரும் அவனுக்குச் சொன்னதில்லை. சம்மன் வந்தால் வருவான், போவான். குற்றம் அரசுக்கு எதிரானது, ஆகவே வழக்கை நடத்துவது அரசு என்பது சட்டத்தின் கொள்கை. நல்ல கொள்கைதான். ஆனால் அடி வாங்கிய காது அரசினுடையது அல்லவே!

இதெல்லாம் எங்கள் வீட்டுக் கதை என்று ஒதுக்கிவிட முடியாதபடி, நம் மாநிலத்தின் ஒரு பெரிய வழக்கு எங்கள் மலையோடு தொடர்புடையது. கொடைக்கானலில் பிளசன்ட் ஸ்டே என்னும் ஓட்டலுக்கு விதிகளுக்கு மாறாகக் கூடுதல் மாடிகள் கட்ட அனுமதித்ததாக ஒரு வழக்கு. அதில் முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கு 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் தனி நீதிமன்றம் தண்டனை விதித்தது. (2001-இல் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.) தீர்ப்பு வந்த அன்றே கலவரம். தருமபுரியை அடுத்த இலக்கியம்பட்டியில், கல்விச் சுற்றுலா வந்த கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகளின் பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் கருகி இறந்தார்கள். நம்மைப் போலவே பாடம் படித்துக்கொண்டிருந்தவர்கள். ஓட்டலையோ அதன் மாடிகளையோ அவர்களுக்கும் தீர்ப்புக்கும் முடிச்சுப் போட ஒரு நூலிழைகூட இல்லை.

பட்டப்பகலில் நடுச்சாலையில் நடந்தது. ஆயினும் விசாரணை தொடங்கியதும் சாட்சிகள் ஒவ்வொருவராகப் பிறழ்ந்தார்கள். இறந்த மாணவி ஒருவரின் தந்தை உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். 2003-இல் மறு விசாரணைக்கு உத்தரவாகி, வழக்கு சேலத்துக்கு மாற்றப்பட்டது. அங்கே சாட்சிகள் பேசினார்கள். 2007 பிப்ரவரியில் 28 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது. அவர்களில் மூவருக்குத் தூக்கு. அதை 2010-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்து, 2016-இல் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2018-இல் அரசு அவர்களை விடுதலை செய்தது. தண்டனையின் அளவைப் பற்றிப் பலருக்குப் பல கருத்து இருக்கலாம். நான் நினைப்பது வேறு. முதல் விசாரணையில் பிறழ்ந்தவர்கள் எல்லாரையும் பொய்யர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூண்டிலிருந்து இறங்கிய சாட்சி அதே ஊருக்கு, அதே தெருவுக்குத்தானே திரும்பிப் போக வேண்டும்? மகளைப் பறிகொடுத்த தந்தை மனு எழுதி அலைந்திராவிட்டால் அந்த வழக்கு என்ன ஆகியிருக்கும்?

அந்தத் தந்தை அலைந்த காலத்தில், பாதிக்கப்பட்டவர் யார் என்றே நம் குற்றவியல் நடைமுறைச் சட்டம் விளக்கவில்லை. 2009-இன் கடைசி நாளில் நடைமுறைக்கு வந்த திருத்தம்தான் அதைச் செய்தது. எதிரி விடுதலையானால் பாதிக்கப்பட்டவர் தாமே மேல்முறையீடு செய்யலாம். அரசு இழப்பீட்டுத் திட்டம் வகுக்க வேண்டும். குற்றவாளி இன்னார் என்று தெரியாவிட்டாலும் இழப்பீடு கேட்கலாம் என்றெல்லாம் அது சொன்னது. தமிழ்நாட்டில் அதற்கான திட்டம் 2013-இல் வந்தது. ஐக்கிய நாடுகள் சபை இந்த நெறிகளை அறிவித்தது 1985-இல். நியூசிலாந்து நாடு இழப்பீட்டுக்குச் சட்டம் செய்தது 1963-இல்! பக்கத்து இலங்கை, பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமாக 2015-இல் ஒரு தனிச் சட்டமே இயற்றியது.

நம் நாட்டில் சாட்சிகளுக்கு விடிவு பிறந்தது 2018 டிசம்பரில். தாமே ஒரு வழக்கில் சாட்சியாகி, துப்பாக்கிக் குண்டடி பட்ட மகேந்தர் சாவ்லா என்பவரும் வேறு சிலரும் தொடுத்த வழக்கில், சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்று, அதுவே சட்டம் என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. மாவட்ட நீதிபதி தலைமையில் ஒரு குழு. மாவட்டக் காவல்துறைத் தலைவரும் அரசு வழக்குத் துறைத் தலைவரும் அதில் இருப்பார்கள். சாட்சி மனுக் கொடுத்தால் ஆபத்தின் அளவை ஆராய்ந்து காவல்துறை அறிக்கை தர வேண்டும். தேவைக்கேற்ப வீட்டுக்குக் காவல், கோர்ட்டுக்கு வண்டி, மூடிய அறையில் விசாரணை, மிக மோசமான நிலையில் வேறு ஊர், வேறு பெயர் என்று பலவும் உண்டு. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டமும், ஒவ்வொரு மாநிலமும் இத்தகைய திட்டத்தை வகுத்தாக வேண்டும் என்கிறது. புலனாய்வு எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும் என்றும் அதில் உள்ளது.

நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் நம் கல்லூரியில் நடந்த சட்ட விழிப்புணர்வு முகாமில்தான் இவற்றில் பாதியைத் தெரிந்துகொண்டேன். மீதியை முகாமுக்கு வந்த வக்கீல் அம்மையாரை மரத்தடியில் நிறுத்திவைத்துக் கேட்டேன். ஊருக்குப் போனதும் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்: "போலீஸ் காவல்கூடக் கேக்கலாம்மா." அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல், "நம்ம கடையில போலீசு வந்து உக்காந்தா டீ குடிக்க எவன்டா வருவான்?" என்றார்.

அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பெரிய வழக்கு, பெரிய ஆபத்து ஆகியவற்றை மனத்தில் கொண்டு எழுதிய திட்டம் அது. அது வேண்டியதுதான். ஆனால் நாட்டில் பெரும்பாலான சாட்சிகள் என் அம்மாவைப் போன்றவர்கள். அவர்களைப் பிறழவைக்கத் துப்பாக்கி தேவையில்லை. ஐந்தாவது வாய்தாவே போதும். சாட்சி வந்து நிற்கும்போது சிறப்புக் காரணமின்றி அவரை விசாரிக்காமல் வழக்கைத் தள்ளிவைக்கக் கூடாது என்று பழைய சட்டத்திலேயே இருந்தது; புதிய சட்டத்திலும் இருக்கிறது. சாட்சிக்குப் பயணச் செலவும் படியும் அரசு தர நீதிமன்றம் உத்தரவிடலாம் என்பதும் பழைய சரக்குதான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் நடைமுறையிலுள்ள 15-ஏ பிரிவு, சாட்சிகளுக்குப் பயணச் செலவைத் தெளிவாக உரிமையாகவே சொல்கிறது. ஒரு சட்டத்தில் முடிந்தது எல்லா வழக்குக்கும் ஏன் முடியாது? சாட்சியை ஒலி-ஒளிக் காட்சி மூலம் விசாரிக்கவும் இப்போது சட்டம் இடம் தருகிறது. கொடைக்கானலில் கோர்ட் இருக்கிறது. அங்கே ஓர் அறையும் ஒரு கேமராவும் இருந்தால், மேல்மலைச் சாட்சி மத்தியானம் கடைக்குத் திரும்பிவிடலாம்.

அந்தப் பையனுக்கு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இழப்பீடு கேட்கும் மனுவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். மருத்துவமனைச் சீட்டுகளை அவன் பத்திரமாக வைத்திருந்தது நல்லதாயிற்று. அம்மாவுக்கும் ஒரு மனு எழுதினேன். அதில் மூன்றே கோரிக்கைகள். இதுவரை போய்வந்த நான்கு நடைக்கும் பஸ் செலவும் படியும். எதிரிகளின் உறவினர் இல்லாத ஓரிடத்தில் உட்கார ஒரு நாற்காலி. அடுத்த வாய்தாவில் எப்படியாவது விசாரித்து முடித்தல், இயலாவிட்டால் கொடைக்கானலிலிருந்தே சாட்சி சொல்ல அனுமதி. வராந்தாவில் வந்து பேசியவரைப் பற்றியும் எழுதலாமா என்று கேட்டேன். அம்மா நெடுநேரம் யோசித்து, "எழுது. பேரு வேணாம். ஆனா எழுது" என்றார்.

மனுவை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். "நாற்காலி கேட்டதுக்கு ஜட்ஜய்யா கோவிச்சுக்க மாட்டாருல்ல?" என்பதுதான் அவருடைய ஒரே கவலை. அடுத்த வாய்தா வரும் மாதம் 18-ஆம் தேதி. அன்று எனக்குச் செய்முறைத் தேர்வு எதுவும் இல்லை. முதல் நாளே வத்தலக்குண்டு போய்விடுவேன்.