அணில் கறி தின்ற காலம்

பிள்ளை என்று பேர் வைத்துக் கூப்பிடுகிற பிராணிகள் நம் ஊரில் சிலதான். கீரிப்பிள்ளை, கிளிப்பிள்ளை, அணில்பிள்ளை. அதிலும் அணிலுக்கு ராமர் முதுகைத் தடவிக் கொடுத்த கதை வேறு உண்டு. அதனால் போடியில் எங்கள் தெருப் பக்கம் அணிலைத் தின்பது என்றாலே முகம் சுளிப்பார்கள். "அவன் அணில் திங்கிற ஆளுப்பா" என்று ஒருவனைச் சொல்லிவிட்டால், அதற்கப்புறம் அவன் வீட்டுத் திண்ணையில் யாரும் உட்கார மாட்டார்கள். அந்தப் பேச்சு நியாயமில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். 1966 முதல் சில வருஷம் போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். அங்கே நானும் அந்தக் கறியைத் தின்றிருக்கிறேன்.

முதலில் அணில் என்றால் எந்த அணில் என்று சொல்லிவிட வேண்டும். நம் வீட்டு ஓட்டில் ஓடுகிற மூன்று கோட்டு அணில் நூறு கிராம் தேறினால் பெரிது. மலைக்காட்டில் இதே அளவில் நிறம் கருத்த வரியணில் ஒன்று உண்டு. ஏலக்காயைக் கடித்து உள்ளே இருக்கிற அரிசியைத் தின்றுவிட்டுத் தொலியைத் தூரில் போட்டுப் போகிற கள்ளன் அவன். மூன்றாவது மலையணில். முதுகு கருப்பும் செம்பட்டையுமாக, வயிறு வெளிர் மஞ்சளாக, உடம்பைவிட நீளமான வாலோடு இருக்கும். எடை ஒன்றரை, இரண்டு கிலோ வரும். நான்காவது பறக்கும் அணில். பகலெல்லாம் மரப்பொந்தில் கிடந்து, ராத்திரி முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே உள்ள தோலை விரித்து மரம் விட்டு மரம் மிதந்து போகும். இவை போக நரையணில் என்று ஒன்று, தெற்கே ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் புளியந்தோப்பிலும் மாந்தோப்பிலும் கூடு கட்டும். எங்கள் தோட்டத்தில் அதை நான் பார்த்ததில்லை.

நான் மலைக்குப் போன சமயம் அரிசித் தட்டுப்பாடு. சோறு என்பது ஞாயிற்றுக்கிழமைச் சங்கதி. மற்ற நாள் கேப்பைக் களியும் கருவாடும்தான். லயத்தில் இருந்தவர்கள் ஆட்டுக்கறியைத் தீபாவளிக்கும் சித்திரைக்கும் பார்ப்பார்கள். மழைக்காலத்தில் நாலு மாசம் உடம்பு நனைந்துகொண்டே வேலை செய்கிறவனுக்கு ஏதாவது கறி வேண்டும். காட்டில் அது அணிலாகக் கிடைத்தது, அவ்வளவுதான்.

தோட்டத்துக் காவலுக்கு முதுவர் பெரியவர் ஒருவர் இருந்தார். என்னை "கணக்குப்புள்ள" என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை "பெரியப்பா" என்பேன். மலையணில் பிடிக்க அவர் ஆள் சேர்க்காமல் போனதில்லை. மனிதனைக் கண்டால் அது ஓடாது. மரத்தோடு ஒட்டிக்கொண்டு மறுபக்கம் நகர்ந்துவிடும். நாம் சுற்றினால் அதுவும் சுற்றும். அதனால் ஒருவர் அசையாமல் நிற்க வேண்டும், இன்னொருவர் எதிர்ப்பக்கம் சருகை மிதித்துச் சத்தம் பண்ண வேண்டும். சத்தத்துக்கு ஒதுங்கி, நிற்கிறவர் பக்கம் அணில் வரும். விடிந்த முதல் இரண்டு மணி நேரமும் பொழுது சாயும் நேரமும்தான் வேளை. உச்சி நேரத்தில் கிளையில் துணி காயப்போட்ட மாதிரி படுத்துக் கிடக்கும், கீழிருந்து கண்ணுக்கே தெரியாது. பறக்கும் அணிலுக்குப் பொந்து மரத்தைத் தட்டிப் பார்ப்பார், அல்லது ராத்திரி டார்ச் அடித்துக் கண் மின்னுவதைப் பார்ப்பார். வரியணிலுக்குப் பலாச்சுளை வைத்த கண்ணி போதும்.

"கூடு பல இருக்கும் புள்ள, குட்டி இருக்கிற கூடு ஒண்ணுதான்" என்பார். ஒரு மலையணில் தன் எல்லைக்குள் பல கூடு கட்டி வைத்திருக்கும். எதில் பச்சை இலை புதிதாகச் செருகியிருக்கிறது என்று பார்ப்பார். அந்த மரத்துப் பக்கம் யாரையும் விட மாட்டார். இது ஒரு ஈற்றுக்கு ஒன்றோ இரண்டோ குட்டி போடுகிற பிராணி. அவருக்கு அது தெரியும்.

இனி அடுப்படிக்கு வருவோம். மலையணிலை உரிப்பதற்கு முன் முழுசாகத் தண்ணீரில் முக்க வேண்டும். காய்ந்த ரோமம் கறியில் ஒட்டினால் ஏழு தண்ணீர் விட்டுக் கழுவினாலும் போகாது. வாலடியில் கீறி, வாலை மிதித்துக்கொண்டு பின்னங்காலைப் பிடித்து இழுத்தால் சட்டை கழற்றுவது போலத் தோல் வரும். பித்தப்பை உடையாமல் குடலை எடுக்க வேண்டும். கக்கத்தில் இருக்கிற சிறு கட்டிகளை விட்டுவிட்டால் குழம்பு வாடை அடிக்கும். பிறகு மஞ்சளும் கல் உப்பும் தடவி, சின்ன வெங்காயம், இஞ்சி, மிளகு, சீரகம் தட்டிப் போட்டு மண்சட்டியில் வேக விடுவார்கள். கிழட்டு அணில் வேக ஒன்றரை மணி நேரம் ஆகும். பறக்கும் அணிலுக்குக் கொழுப்பும் வாடையும் அதிகம். இஞ்சி போட்டு ஒரு கொதி விட்டு முதல் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். வரியணிலைத் தீயில் வாட்டிச் சுரண்டி, உப்பும் மிளகும் தடவிக் கங்கில் சுடுவது. நாலு இருந்தால் ஒரு ஆளுக்குத் தொட்டுக்கொள்ள ஆகும்.

ஏலக்காய் மட்டும் சேர்க்க மாட்டார்கள். நாளெல்லாம் ஏலக்காய் பறிக்கிற கைதான். ஆனால் சாயங்காலம் மடியைச் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். அந்தக் குழம்பில் ஏலக்காய் போட்டிருந்தால் அதுதான் திருட்டு.

கறி எப்படி இருக்கும் என்று பேரன் கேட்டான். முயல் கறிக்குக் கிட்டத்தில் இருக்கும், கொஞ்சம் இனிப்பு. பழமும் கொட்டையும் தின்கிற உடம்பு அல்லவா.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மலையணில், நரையணில், பறக்கும் அணில் மூன்றையும் வேட்டையாடுவது இன்று குற்றம். ஜெயில் தண்டனை உண்டு. ஆகவே மேலே எழுதியது பழங்கதை. யாரும் செய்து பார்க்க அல்ல. நரையணிலுக்காகவே 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைந்தது. 2021இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகம் ஆகிவிட்டது. மகாராஷ்டிராவில் மலையணில்தான் மாநில விலங்கு. சட்டம் வந்தது நல்லதுதான். துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருந்த சில பேர் பொழுதுபோக்குக்காகச் சுட்டுத் தள்ளியதையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களை யாரும் "அணில் திங்கிற ஆள்" என்று சொன்னதில்லை.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அணில் கறிக் குழம்பு பெயர் பெற்றது. இங்கிலாந்தில் 1876இல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்ட சாம்பல் அணில் பெருகி, அந்த ஊர்ச் செவ்வணிலை விரட்டிவிட்டது. அதனால் சாம்பல் அணிலைத் தின்பது அங்கே காட்டுக்கு நல்லது என்று சொல்லி ஹோட்டலில் பரிமாறுகிறார்கள். நம் மலையணில் அப்படிப் பெருகுகிற ஜாதி இல்லை, ஒப்பிட முடியாது. ஆனால் அதே கறி அங்கே கௌரவம், இங்கே கேவலம் என்பது மட்டும் எனக்குப் புரியவில்லை.

இப்போது துப்பாக்கி இல்லை, கண்ணி இல்லை. ஆனாலும் எங்கள் தோட்டம் இருந்த சரிவில் மலையணில் சத்தம் குறைந்துவிட்டது. காரணம் தேட வேண்டியதில்லை. அன்று ஏலச்செடிக்கு மேலே வெடிப்பலாவும் சந்தனவேம்பும் கிளை கோர்த்து நின்றன. மலையணில் தரையில் இறங்க விரும்பாத பிராணி. கிளை விட்டுக் கிளை தாவித்தான் அதன் வாழ்க்கை. பிறகு ஞள்ளானி ரகம் வந்தது. அதற்கு வெயில் கொஞ்சம் கூட வேண்டும் என்று நிழல் மரத்தைக் கழித்தார்கள், விளைச்சலும் பல மடங்கு கூடியது. கிளைக்கும் கிளைக்கும் நடுவே இருபது அடி இடைவெளி விழுந்தால் அணிலுக்கு அந்த ஊர் முடிந்தது.

பெரியப்பா காலமாகி வெகு நாளாயிற்று. எந்த மரம் எந்த மாசம் காய்க்கும், எந்தக் கூட்டில் குட்டி இருக்கும் என்பதெல்லாம் அவரோடு போய்விட்டது. போடி ஆட்கள் இன்றும் தினம் விடியற்காலை ஜீப்பில் மேலே போகிறார்கள். அவர்களில் வயதானவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அந்தக் காலத்தில் என்ன தின்றீர்கள் என்று கேளுங்கள். கூச்சப்படுவார்கள். சிரிக்காமல் கேட்டால் சொல்வார்கள்.