இளவரசன் சாகும்போது வரும் இசை

பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் பழைய இசையை மீட்கவேண்டும் என்று உட்காருகிறவருக்கு வரும் முதல் சிக்கல், எது பழைய இசை என்பதுதான். ஜோர்டான் மெக்னரின் அந்த விளையாட்டு 1989இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது. மறுவருடம் டாஸுக்கு வந்தது. 1992இல் ஜப்பானின் சூப்பர் ஃபாமிகாமுக்குப் போனபோது 60 நிமிடக் கெடு 120 நிமிடமானது, கட்டங்கள் 20 ஆயின, இசையும் வேறாகிப்போனது. கதை ஒன்றேதான். சிறைபிடிக்கப்பட்ட இளவரசி, மணல் கடிகாரம், பாதாளச் சிறையிலிருந்து மேலே ஏறிவரும் ஒருவன். ஆனால் ஒவ்வொரு இயந்திரத்திலும் அவன் ஒவ்வொரு விதமாகக் கேட்டான்.

இதன் முதல் இசையை அமைத்தவர் ஜோர்டானின் அப்பா ஃபிரான்சிஸ் மெக்னர். வியன்னாவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து சிறுவனாகத் தப்பி, ஃபிரான்ஸ் வழியாக அமெரிக்கா சேர்ந்த யூதர். தொழிலால் உளவியலாளர், பியானோ வாசிப்பவர். மகனின் முந்தைய விளையாட்டான கராத்தேகாவுக்கும் (1984) இசை அவருடையதுதான். இளவரசனின் ஓட்டமும் தாவலும் ஜோர்டானின் தம்பி டேவிட்டுடையவை. தம்பியை ஓடவிட்டு, குதிக்கவிட்டு, வீடியோ எடுத்து, ஒவ்வொரு சட்டகமாக வரைந்து எடுத்தார். தம்பியின் உடம்பு, அப்பாவின் இசை. ஒரு வீட்டுக்குள்ளேயே முக்கால்வாசி முடிந்த வேலை.

அந்த இசை போய்ச்சேர்ந்த இடமோ மிகச் சிறியது. ஆப்பிள் 2இல் ஒலிக்கென்று தனிச் சில்லு கிடையாது. குறிப்பிட்ட ஒரு நினைவக முகவரியை நிரல் தொட்டால் ஒலிபெருக்கி ஒருமுறை உள்ளே போகும், அடுத்த முறை தொட்டால் வெளியே வரும். அவ்வளவுதான். விநாடிக்கு 880 முறை தொட்டால் 440 ஹெர்ட்ஸில் ஒரு ஸ்வரம் கிடைக்கும். ஸ்வரம் ஒலிக்கும் நேரம் முழுக்கச் செயலி அதையே தட்டிக்கொண்டிருக்க வேண்டும், இளவரசனை ஓட்ட அதற்குக் கை ஓயாது. எனவே ஓடும்போது பின்னணி இசை இல்லை. காலடிச் சத்தம், ஆடும் ஓடு, கதவு இறங்கும் கடகடப்பு, மற்றபடி மௌனம். ஏதாவது நடந்து முடிந்தால் மட்டும் சின்னதாக ஒரு துண்டு இசை. பிறகு வந்த டாஸ் வடிவம் அந்த மௌனத்தை அப்படியே வைத்துக்கொண்டது.

டாஸ் வடிவத்தின் கோப்புகளைப் பட்டியலிட்டால் ஒலிக்கு மூன்று வகை தெரியும். ஐபிஎம் என்று தொடங்குபவை, மிடி என்று தொடங்குபவை, டிஜி என்று தொடங்குபவை. முதல் வகை, கணினிப் பெட்டிக்குள் இருக்கும் சிறிய ஸ்பீக்கருக்கு. ஒரே நேரத்தில் ஒரே ஸ்வரம், சதுர அலை, 'பீப்'. இரண்டாவது, ஆட்லிப் போன்ற ஒலி அட்டைகளுக்கான இசை. அந்த அட்டையில் இருந்த யமஹாவின் ஒய்எம்3812 சில்லு ஓர் அலையைக் கொண்டு இன்னோர் அலையை உலுக்கி ஒரே சமயத்தில் ஒன்பது குரல்களை எழுப்பும். மூன்றாவது, சவுண்ட் பிளாஸ்டருக்கான பதிவுசெய்த ஓசைகள்: வாள் உரசல், கதவு, விழுகிற ஓடு.

மூன்றும் ஒரே ஃப்ளாப்பியில் இருந்தன. தொண்ணூறுகளில் நானும் அண்ணனும் 'டிஐஆர்' அடித்து அந்தப் பெயர்கள் திரையில் ஓடுவதைப் பார்த்திருக்கிறோம். அவற்றில் ஒரு வகையை மட்டும்தான் எங்களுக்குக் கேட்கக் கொடுத்துவைத்திருந்தது.

அப்பா ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதினார். வருடக் கணக்கு முடிக்கும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ் உண்டு. எங்களையும் கூட்டிப்போவார். அவர் பக்கத்து அறையில் பேரேட்டோடு உட்காருவார், நாங்கள் கணினி முன்னால். அதில் ஒலி அட்டை கிடையாது. அப்பா அந்த விளையாட்டைத் திரையில் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. ஆனால் இளவரசன் முள்ளில் விழுந்தோ, வெட்டுக்கதவில் மாட்டியோ செத்தால் வரும் அந்தச் சின்ன மெட்டு அவருக்கு அத்துப்படி. அது கேட்டதும் அங்கிருந்தே குரல் வரும்.

"என்னடா, போய்ட்டானா?"

"போய்ட்டான்ப்பா."

"சரி, மறுபடி ஆரம்பி."

தலை நிமிர்த்தாமல்தான் கேட்டிருப்பார். கூட்டல் நடுவில் விட்டுப்போகக் கூடாதில்லையா.

அப்பா போய் ஆறு வருடமாகிறது. போன வருடம் அண்ணன் போனில், "அந்த கேம் உன் லேப்டாப்ல ஓடுமா? சத்தத்தோட வேணும்டா" என்றான். டாஸ்பாக்ஸ் என்கிற இலவச மென்பொருள் இருக்கிறது. இன்றைய கணினிக்குள் ஒரு பழைய கணினி இருப்பதாகப் பாவனை செய்வது. அதனுள் ஆட்லிப்பும் உண்டு, சவுண்ட் பிளாஸ்டரும் உண்டு. இந்தப் பாவனைக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு சாதாரணமல்ல. யமஹாவின் சில்லு எப்படி வேலைசெய்கிறது என்று கண்டுபிடிக்க, ஆர்வலர்கள் அதன் மேலோட்டை உரித்து, உள்ளிருக்கும் சிலிக்கனை நுண்ணோக்கியில் படம்பிடித்து, அதில் பொறித்திருந்த அட்டவணைகளை எண்ணெண்ணாக வாசித்தெடுத்தார்கள். சைன் அலையின் கால்வாசி அங்கே 256 எண்களாக இருந்தது. மீதி முக்கால்வாசியைச் சில்லு அதையே திருப்பியும் கவிழ்த்தும் போட்டுக்கொள்கிறது. இன்றைய நிரல்கள் ஆட்லிப்பை இவ்வளவு துல்லியமாகப் போலிசெய்வது அந்தப் படங்களின் புண்ணியத்தில்.

எல்லாவற்றையும் இணைத்து ஓடவிட்டேன். தொடக்க இசை வந்தபோது கொஞ்சம் அசந்துதான் போனேன். கீழே ஒரு குரல், மேலே ஒரு குரல், நடுவில் மணிபோல ஒன்று. ஃபிரான்சிஸ் மெக்னர் பியானோவில் யோசித்திருக்கக்கூடியது இதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். நாங்கள் கேட்டது அதன் எலும்பை மட்டும். பதிவுசெய்து அண்ணனுக்கு அனுப்பினேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது இல்லடா."

"இதுதான் ஒரிஜினல். நம்மகிட்ட கார்டு இல்லாததால கேக்கல."

"இருக்கட்டும். அப்பாவுக்குக் கேட்டது இது இல்லையே."

அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பைத் திறந்து சவுண்ட் பிளாஸ்டர் இருந்த இடத்தில் 'நன்' என்று எழுதினேன். ஆட்லிப்பையும் அணைத்தேன். விளையாட்டு ஒலி அட்டையைத் தேடிப்பார்த்து, இல்லை என்று தெரிந்ததும், ஐபிஎம் கோப்புகளை எடுத்துக்கொண்டது. முதல் கட்டத்திலேயே வேண்டுமென்றே பள்ளத்தில் விழுந்தேன். அந்த மெட்டு வந்தது. மெல்லிய, தனியான, ஒரே ஒரு ஸ்வரமாக நகர்கிற மெட்டு. தகரப் பெட்டிக்குள்ளிருந்து வரும் அந்த அதிர்வு மட்டும் லேப்டாப்பில் இல்லை. அதை எந்தக் கோப்பும் வைத்திருக்கவில்லை.

மெக்னர் வீட்டிலும் இப்படி ஒரு விஷயம் நடந்தது. ஆப்பிள் 2 வடிவத்தின் மூல நிரல் தொலைந்துவிட்டது என்றுதான் ஜோர்டான் வருடக்கணக்காக நினைத்திருந்தார். 2012இல் அவருடைய அப்பா வீட்டைச் சுத்தம் செய்தபோது அலமாரியின் ஆழத்தில் கிடந்த ஓர் அட்டைப்பெட்டியை மகனுக்கு அனுப்பினார். அதற்குள் பழைய ஃப்ளாப்பிகள். பழைய கணினிகள் அறிந்தவர்களின் துணையோடு அவற்றைப் படித்து, மூல நிரலை கிட்ஹப்பில் எல்லோருக்கும் திறந்துவைத்தார். இசை அமைத்தவரே அதைத் தூக்கிப்போடாமலும் வைத்திருந்திருக்கிறார்.

மீட்பது என்றால் நல்லதைத் தேர்ந்தெடுப்பது என்று நினைத்திருந்தேன். அப்படிச் செய்தால் 'பீப்' முதலில் போய்விடும். அடுத்து, ஓடும்போது இருக்கும் மௌனம் போகும், யாராவது அங்கே வயலின் வைப்பார்கள். அந்த மௌனத்தில்தான் கதவு இறங்குவது காதில் விழும். கதவு இறங்குகிறது என்று தெரிந்தால்தான் ஓடத் தோன்றும். இயந்திரத்தின் இயலாமையில் பிறந்ததென்றாலும் அது விளையாட்டின் பகுதி. ஃப்ளாப்பியில் மூன்று வகைக் கோப்புகளையும் சேர்த்து வைத்தவர்கள் விவரமானவர்கள். யாரிடம் என்ன பெட்டி இருக்குமோ, அவரவருக்கு அவரவர் சங்கீதம்.

அண்ணனுக்கு இரண்டு ஐகான்கள் வைத்துக் கொடுத்தேன். ஒன்றில் ஆட்லிப், இன்னொன்றில் வெறும் ஸ்பீக்கர். அவன் மகன் முதலாவதை விளையாடுகிறான். அண்ணன் விளையாடுவதே இல்லையாம். அடுக்களையில் வேலையாக இருக்கும்போது மகனிடம் இரண்டாவதைப் போடச் சொல்கிறான். "நீ விளையாடு, நான் இங்கருந்து கேக்கறேன்" என்று.