சச்சினின் முழங்கையும் எங்க மாமாவின் முழங்கையும்

டென்னிஸ் எல்போ வருவதற்கு டென்னிஸ் ஆட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எங்க மாமா டென்னிஸ் மட்டையைத் தொட்டதே கிடையாது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியும் முன்னே ஆரம்பித்து, மரம் மரமாகக் கத்தியை இறுகப் பிடித்துப் பட்டையைச் சீவ வேண்டும். இப்போது சாயா கிளாஸைத் தூக்கினாலே வலது முழங்கையின் வெளிப்பக்கம் சுளீர் என்கிறதாம். ஏழு மாதமாச்சு. "ஆப்பரேசன் பண்ணிரலாமாடே? நீ படிச்சவன்லா, பாத்துச் சொல்லு மக்கா" என்றார். பி.காம் படிக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? இருந்தாலும் படித்துப் பார்த்தேன்.

மணிக்கட்டைப் பின்பக்கமாக நிமிர்த்தும் தசை ஒன்று, முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் தசைநாணாக ஒட்டியிருக்கிறது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது அந்த நாண் நுணுக்கமாகக் கிழிந்து, சரியாக ஆறாமல் நைந்துபோகிறது. அதுதான் வலி.

ஆபரேஷனில் மூன்று வகை. ஒன்று, தோலைத் திறந்து நைந்த பகுதியை வெட்டி எடுப்பது. அமெரிக்காவின் நிர்ஷலும் பெட்ரோனும் 1979-இல் இப்படிச் செய்த 88 முழங்கைகளின் கணக்கை வெளியிட்டார்கள். சுமார் 85 சதவீதம் பேர் பழைய செயல்பாடுகளுக்கே முழுதாகத் திரும்பினார்களாம். இரண்டாவது, சின்னக் கீறல் வழியாக நாணை எலும்பிலிருந்து விடுவிப்பது. மூன்றாவது, கேமரா குழாயை உள்ளே விட்டுச் செய்வது. முதல் இரண்டையும் ஒப்பிட்டு 2004-இல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், சின்னக் கீறல்காரர்கள் சராசரியாக மூன்று வாரம் முன்னதாகவே வேலைக்குப் போனார்கள். தினக்கூலிக்காரருக்கு மூன்று வாரம் என்பது சின்ன விஷயமா?

இங்கேதான் ஒரு திருப்பம். 2018-இல் ஆஸ்திரேலியாவில் 26 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு நிஜ ஆபரேஷன். மீதிப் பேருக்குத் தோலை மட்டும் திறந்து, நாணைத் தொடாமல் மூடிவிட்டார்கள். இரண்டு கோஷ்டிக்கும் வலி குறைந்தது, பெரிய வித்தியாசமே இல்லை! சின்ன ஆய்வுதான். ஆனாலும் அந்த 85 சதவீதத்தில் எவ்வளவு கத்தியின் வேலை, எவ்வளவு காலத்தின் வேலை என்று யோசிக்க வைக்கிறது. ஏனென்றால் இந்த வலி பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவே அடங்கிவிடுகிறது.

'அப்போ ஊசி போட்டுக்கலாமே' என்பீர்கள். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் சொர்க்கம் காட்டும். ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், ஊசி போட்டவர்கள்தான் பின்தங்கியிருந்தார்கள் என்று 2013-இல் வந்த இன்னொரு ஆஸ்திரேலிய ஆய்வு சொல்கிறது.

நம்ம சச்சினுக்கும் இதே நோவுதான். 2004-இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான முதல் இரண்டு டெஸ்ட் போச்சு. 2005 மே மாதம் லண்டனில் இடது முழங்கையில் ஆபரேஷன். அக்டோபரில் நாக்பூரில் இலங்கைக்கு எதிராக 93 அடித்தார், டிசம்பரில் டில்லியில் 35-ஆவது டெஸ்ட் சதம். மாமாவும் அதைச் சொல்லித்தான் ஆசைப்படுகிறார். ஆனால் சச்சின் ஐந்து மாதம் வீட்டில் இருந்தால் அடுப்பு எரியும். மாமா இருந்தால்?

எங்க பாடத்தில் இதற்கு வாய்ப்புச் செலவு என்று பெயர். ஆஸ்பத்திரி பில்லில் வராத செலவு. சும்மா கிடக்கும் நாளின் கூலியையும் சேர்த்தால்தான் கணக்கு முழுசு.

அதனால் மாமாவிடம் இப்படிச் சொன்னேன்: 'மருந்தும் பயிற்சியும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஒழுங்காகப் பார்த்தும் சரியாகாதவர்களுக்குத்தான் பொதுவாக ஆபரேஷன். நீங்க பயிற்சியே இன்னும் தொடங்கல. மரம் இலை உதிர்த்து வெட்டு நிற்கிற காலத்தில் பிசியோதெரபி பாருங்க. கத்திப் பிடியைத் தடிமனாக்குங்க. அப்புறமும் வலித்தால், எலும்பு டாக்டரிடம் எந்த வகை ஆபரேஷன், எத்தனை வாரத்தில் கத்தி பிடிக்கலாம் என்று கேட்டுவிட்டு முடிவு எடுங்க.'

"அதுவர கஞ்சிக்கு?" என்றார். அதற்கு எந்த ஆய்விலும் பதில் இல்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோவு வந்து, வேலையையும் விடாமல் குணமாகியிருந்தால் சொல்லுங்களேன்.